பதினோரு மீட்டர் மேலே ஒரு ஒயர்

என் அக்கா தெருவிளக்கு மாற்றுகிறவள். லாரியின் முதுகிலிருந்து ஓர் இரும்புக் கை நீளும். அதன் நுனியில் மார்பளவுத் தொட்டி ஒன்று இருக்கும். அதற்குள் ஆள் நின்று விளக்குக் கம்பத்தின் உச்சி வரை போகலாம். பக்கெட் வண்டி என்போம். காலை எட்டு மணியிலிருந்து மதியம் வரை அக்கா தரையில் இருக்கும் நேரம் குறைவு. அந்த வண்டிக்கு ஒயரிங் செய்து கொடுத்தவர் அவள் கணவர், என் அத்தான். அவருக்கோ பரணிலிருந்து பெட்டி எடுக்க ஸ்டூல் மேல் ஏறினாலே கால் உதறும். சின்ன வயதில் எங்காவது விழுந்தாரா என்று கேட்டால், “விழுந்தவனுக்கு மட்டும்தான் பயம் வரணும்னு சட்டமா?” என்று நம்மையே திருப்பிக் கேட்பார்.

நான் விளக்குப் பிரிவில் ஸ்டோர்கீப்பர். பல்பு, ஃபியூஸ், கிளாம்பு எல்லாம் என் கையெழுத்தில்தான் வெளியே போகும். அக்காவும் அத்தானும் கீழ்வீட்டில் இருக்கிறார்கள், நான் மாடியில். அதனால் அலுவலகத்தில் நடப்பதும் தெரியும், வீட்டில் நடப்பதும் தெரியும். இரண்டு பக்கமும் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் எனக்குக் கஷ்டம்.

அத்தான் வேலை பார்ப்பது லாரிகளுக்கு மேல்கட்டு கட்டும் பட்டறையில். வெறும் எலும்புக்கூடாக உள்ளே வரும் லாரி, தண்ணீர் வண்டியாகவோ குப்பை வண்டியாகவோ கழிவுநீர் உறிஞ்சும் வண்டியாகவோ வெளியே போகும். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான சங்கதி ஒன்று உண்டு. வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்போது இன்ஜின் வேறொரு வேலையைச் செய்ய வேண்டும். கியர்பெட்டியின் விலாவில் சின்னப் பல்சக்கரப் பெட்டி ஒன்றை மாட்டி, இன்ஜின் சக்தியைப் பம்புக்குத் திருப்பிவிடுவார்கள். பக்கெட் வண்டியில் இரும்புக் கையைத் தூக்குவது அந்தப் பம்புதான். பட்டறையில் அதற்கு பி.டி.ஓ. என்று பெயர். ஆனால் சும்மா நிற்கும் லாரியின் இன்ஜின் நிமிடத்துக்கு அறுநூறு சுற்றுதான் சுற்றும். அந்தத் தூங்குமூஞ்சி வேகத்தில் பம்புக்கு அழுத்தம் வராது. கொஞ்சம் ரேஸ் ஏற்ற வேண்டும். அதற்காக ஒருவர் நாள் முழுக்க ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டு உட்கார முடியுமா? சுவிட்சைத் தட்டியதும் இன்ஜின் தானாக ஆயிரத்து நூறு சுற்றுக்கு ஏறி அங்கேயே நிற்க வேண்டும். அந்த ஒயரிங்தான் அத்தானின் கைவேலை.

“ரேஸ் ஏத்தறது யார் வேணும்னாலும் பண்ணலாம். எப்ப ஏறக்கூடாதுன்னு ஒயருக்குத் தெரியணும்” என்பார். கைப் பிரேக் இழுத்திருக்க வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், பிரேக் பெடலில் யார் காலும் இருக்கக்கூடாது, வண்டி ஓர் அங்குலம்கூட நகரக்கூடாது. இந்த நான்கு பேரும் சரி என்று தலையாட்டினால்தான் இன்ஜினின் கம்ப்யூட்டர் பெட்டிக்கு அனுமதி போகும். ஒருவர் முகம் சுளித்தாலும் இன்ஜின் பழையபடி அறுநூறுக்கு இறங்கிவிடும்.

சுற்று எவ்வளவு என்று அவர் மீட்டரில் பார்ப்பதில்லை, காதால் சொல்வார். பத்து இருபது முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். அதனால் பட்டறையில் அவருக்கு ‘ஆயிரத்து நூறு’ என்று பட்டப்பெயர். பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடினால்கூட, “பேரிங் போகப்போகுது, சொல்லி வைங்க” என்பார். இரண்டு நாளில் அது போய்விடும்.

அக்காவும் அவரும் சந்தித்ததே இந்த வேலையில்தான். அப்போது அக்கா வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். பிரிவில் இருந்தது ஓர் ஓட்டை வண்டி. ரேஸ் ஏற்ற, டேஷ்போர்டில் ஓர் இழுவைக் கம்பி; இழுத்துவிட்டால் அது தானாக உள்ளே நழுவும். அக்கா புகார் எழுதிப் பார்த்தாள், யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒரு நாள் டிரைவரிடம் சொல்லி வண்டியை நேராகப் பட்டறைக்கே விட்டுவிட்டாள்.

“இந்த மாதிரி வண்டிக்கெல்லாம் இங்க ஒயரிங் பண்றது யாரு?”

வேறொரு லாரியின் டேஷ்போர்டுக்கு அடியில் படுத்திருந்த அத்தான் அவசரமாக எழுந்து தலையில் இடித்துக்கொண்டார். “நான்தாங்க.”

“நான் மேல நிக்கறப்ப இன்ஜின் இருமுது. பக்கெட் அப்படியே தொங்குது. சரி பண்ண முடியுமா, முடியாதா?”

முடியும் என்றார். இரண்டு நாள் ஆகும் என்றார். ஆனது நான்கு நாள். வேலை அவ்வளவு இல்லை, அக்கா தினமும் வந்து பார்த்ததால் நீண்டது என்று பட்டறைக்காரர்கள் இன்றைக்கும் சிரிப்பார்கள். அடுத்த வருடம் கல்யாணம்.

நான்கு வருடங்களுக்கு முன் புது வண்டி வந்தது. இன்ஜின் முழுக்க கம்ப்யூட்டர் சொல்படி ஓடுவது. அத்தான் அதன் ஒயரிங் படத்தை வாங்கி வந்து சாப்பாட்டு மேசை முழுக்க விரித்தார். மூன்று வாரம் நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். அந்த வண்டியில் அவர் புதிதாக ஒன்று செய்தார். ரேஸ் ஏற்றும் உரிமையை டிரைவர் கையிலிருந்து எடுத்து, பக்கெட்டின் தரையில் ஒரு கால் பெடலாக வைத்துவிட்டார். அக்கா மிதித்தால் இன்ஜின் ஏறும், காலை எடுத்தால் இறங்கும். பக்கெட்டை ஏற்றி இறக்கும் லீவர் ஏற்கெனவே அவள் கைப்பக்கம் இருந்தது. விளக்கை மாற்றும் நேரமெல்லாம் தெரு அமைதியாக இருக்கும். “மேல நிக்கறவங்களுக்குத்தானே தெரியும் எப்ப வேணும்னு” என்று மட்டும் சொன்னார்.  வீட்டுக்கு யார் வந்தாலும் அக்கா அந்தப் பெடலைப் பற்றிப் பேச்சை எப்படியாவது கொண்டுவந்து நிறுத்துவாள்.

போன வருடம் அந்தப் பெடல்தான் மக்கர் செய்தது.

பாதி உயரம் வரை ஒழுங்காக வேலை செய்யும். கம்பத்தின் உச்சியை நெருங்கும்போது, இரும்புக் கை ஏறக்குறைய நெட்டுக்குத்தாக நிற்கும் அந்த நேரத்தில், இன்ஜின் பொத்தென்று அறுநூறுக்கு இறங்கிவிடும். பக்கெட் எறும்பு ஊர்கிற மாதிரி நகரும். அக்கா மிதித்து மிதித்துக் கால் வலித்ததுதான் மிச்சம்.

வண்டியைப் பட்டறைக்கு அனுப்பினோம். பட்டறைக்குக் கூரை உண்டு, கையை முழுதாக நிமிர்த்த இடமில்லை. தாழ்வாக வைத்துச் சோதித்தால் எல்லாம் பத்தரை மாற்றாக இருந்தது. அத்தான் பெடலை மாற்றினார், ரிலேயை மாற்றினார், பிரேக் சுவிட்சை மாற்றினார். வண்டி திரும்பி வந்தது. மறுநாளே அதே கதை. மூன்று முறை போய், மூன்று முறை வந்தது.

எங்கள் பிரிவுத் தலைவர் பொறுமைசாலிதான், ஆனால் அவருக்கும் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. “நாப்பது தெரு இருட்டா கிடக்கு. உங்க அத்தானுக்கு எல்லாத்தையும் காதால கேக்கத் தெரியும்ல? இதையும் கேட்டுச் சொல்லச் சொல்லுங்க” என்றார் என்னிடம். அதை நான் வீட்டில் சொல்லவில்லை. எப்படியோ அத்தானுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு நாள் அவர் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

கோளாறு மேலே எங்கோ இருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. கரன்ட் பார்க்கும் மீட்டரை அக்காவிடம் கொடுத்து அனுப்பி, கீழேயிருந்து போனில் வழி சொன்னார்.

“சிவப்பு ஒயர்ல வை. வச்சியா? என்ன காட்டுது?”

“இருபத்து நாலு வோல்ட்.”

“பெடலை மிதி.”

“மிதிச்சா மீட்டர் நழுவுது. மீட்டரைப் பிடிச்சா லீவரை விட வேண்டியிருக்கு. எனக்கென்ன நாலு கையா இருக்கு?”

“சரி, கோவப்படாத.”

“கோவப்படல. கைதான் பத்தல.”

அந்த வாரம் ஒரு காலை, நான் தினசரியை வாங்கக் கீழே போனேன். அக்கா கண்ணாடி முன் நின்று இடது கையால் தலை வாரிக்கொண்டிருந்தாள். வலது கையால்தானே வாருவாள் என்று எனக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. அத்தானுக்கு அதற்கு முன்பே உறைத்துவிட்டது போலிருக்கிறது. அவர் கையில் டம்ளர் அப்படியே நின்றிருந்தது.

“தோள்ல என்ன?”

“கதவுல இடிச்சுக்கிட்டேன்.”

“எந்தக் கதவு?”

“எல்லாக் கதவையும் ஒயரிங் படத்துல போட்டுக் காட்டணுமா? டீ ஆறுது, குடிங்க.”

அவர் குடிக்கவில்லை. பட்டறைக்குப் போகாமல் அக்காவோடும் என்னோடும் எங்கள் அலுவலகத்துக்கே வந்தார். வண்டி வாசலில் நின்றிருந்தது. டிரைவரை எல்லோரும் ‘பொறுமை’ என்று கூப்பிடுவோம். சிக்னலில் மஞ்சள் விழுந்தால்கூட ஹாரன் அடிக்கிற ஆள் என்பதால் வைத்த பெயர். பொறுமை அப்போது டீக்கடையில் இருந்தார். அத்தான் டிரைவர் கதவைத் திறந்து, தரை விரிப்பைத் தூக்கினார், சீட்டுக்கு அடியில் கையை விட்டார். கையோடு ஒரு செங்கல் வந்தது. அதன் ஒரு பக்கத்தில் ஆக்சிலேட்டர் ரப்பரின் கோடுகள் வரிசையாகக் கறுப்பாகப் படிந்திருந்தன.

யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பெடல் வேலை செய்யாதபோது ஆக்சிலேட்டரில் செங்கல்லை வைத்திருக்கிறார்கள். செங்கல்லுக்கு ஆயிரத்து நூறு என்றால் என்ன தெரியும்? ஆயிரத்து எண்ணூறுக்கு ஏறியிருக்கும். பம்பு வெறி பிடித்தாற்போல் ஓடி, லீவரைத் தொட்டதும் பக்கெட் துள்ளியிருக்கும். உள்ளே நின்றவளின் தோள் பக்கெட் விளிம்பில் போய் மோதியிருக்கும்.

பொறுமை வந்து செங்கல்லைப் பார்த்ததும் முகம் தொங்கிவிட்டது. “அண்ணே, அக்கா மேல மாட்டிக்கிட்டு நிக்கறாங்க. வெயில் வேற. இறக்கணுமேன்னுதான் வச்சேன். முந்தாநாள்தான் அப்படித் தூக்கிப் போட்டுச்சு. அதுக்கப்புறம் வைக்கவே இல்ல, சத்தியமா.”

அத்தான் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்திருந்தது, காது மடலெல்லாம் சிவப்பு. ஆனால் செங்கல்லைத் தரையில் மெதுவாக வைத்துவிட்டு அக்கா பக்கம் திரும்பினார்.

“என்கிட்ட சொல்லலாம்ல?”

“சொன்னா என்ன பண்ணுவீங்க? வண்டியை எடுக்கவே கூடாதும்பீங்க. நாப்பது தெரு இருக்கு.”

அவர் பக்கெட்டைப் பார்த்தார். அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம், “இன்னொரு பெல்ட் இருக்கா ஸ்டோர்ல?” என்று கேட்டார்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. பெல்ட் என்றால் உயரத்தில் நிற்பவர் இடுப்பிலும் தோளிலும் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்புப் பட்டை. “அத்தான், வேணும்னா நான் ஏறட்டுமா?” என்றேன். என்னைப் பார்த்து இருவரும் ஒரே மாதிரி சிரித்தார்கள். சிவப்பு ஒயர் எது, கருப்பு ஒயர் எது என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது ஊரறிந்த விஷயம்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓர் அகலமான தெரு. வண்டியை அங்கே நிறுத்தி, தாங்கு கால்களை இறக்கி, சக்கரத்துக்குக் கட்டை வைத்தார்கள். பொறுமையை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, “கால் ரெண்டும் சீட்டு மேல. எந்தப் பெடலையும் தொடாத” என்றார் அத்தான். பொறுமை அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அக்கா முதலில் ஏறினாள். அத்தானின் பெல்ட் கொக்கியை அவளே மாட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.

“என்னைப் பாருங்க, கீழ பாக்க வேண்டாம்.”

“நான் மீட்டரைப் பாக்கறேன்.”

பக்கெட் கிளம்பியது. கீழேயிருந்து எனக்கு அவர் தலை மட்டும் தெரிந்தது. மூன்று மீட்டர் தாண்டியதும் அதுவும் மறைந்தது.  பக்கெட்டின் தரையில் உட்கார்ந்து, ஒயர் பெட்டி மூடியைத் திறந்து மடியில் மீட்டரை வைத்துக்கொண்டார் என்று பிறகு அக்கா சொன்னாள். ஒரு கையால் மீட்டர் முனையைப் பிடித்திருந்தாராம், இன்னொரு கையால் அக்காவின் கணுக்காலை. “காலை விடுங்க, பெடலை மிதிக்கணும்” என்றதும் இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டாராம்.

உச்சியை நெருங்கியபோது இன்ஜின் சத்தம் பொத்தென்று இறங்கியது. அதே நொடியில் மீட்டரில் இருபத்து நான்கு பூஜ்யமாக விழுந்ததை அவர் பார்த்துவிட்டார். பெடல் நல்ல பெடல்தான். பெடலுக்கு வரும் ஒயரில் கரன்ட் வரவில்லை.

இரும்புக் கை எவ்வளவு நிமிர்ந்தாலும் பக்கெட் சாயாமல் நேராகத்தான் நிற்கும். அதற்காகக் கையும் பக்கெட்டும் சேரும் இடத்தில் ஒரு கீல் உண்டு. ஒயர் அந்தக் கீலைச் சுற்றித்தான் உள்ளே வருகிறது. அது இருப்பது பக்கெட்டுக்கு வெளியே, விளிம்புக்குக் கீழே. பார்க்க வேண்டுமென்றால் எழுந்து நின்று, வெளியே குனிந்து, கையை நீட்ட வேண்டும்.

அவர் எழுந்ததைக் கீழேயிருந்து பார்த்தேன். முதலில் கை விரல்கள் விளிம்பைப் பிடித்தன, பிறகு தலைமுடி, பிறகு வெளுத்த முகம். அக்கா லீவரிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து அவர் பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.

“லீவரைத் தொடமாட்டேன். பெடலை மட்டும் மிதிச்சிருக்கேன். நீங்க மெதுவா பாருங்க.”

“பிடிச்சிருக்கியா?”

“பிடிச்சிருக்கேன்.”

“தோள் வலிக்கலையா?”

“இப்ப அதுவா முக்கியம்? பாருங்க!”

அவர் குனிந்தார். கை கீலைத் தேடித் தடவியது. ஒயரை விரல் விரலாக நசுக்கிக்கொண்டே வந்தார். முதல் இடத்தில் ஒன்றுமில்லை. இரண்டாவது இடத்திலும் இல்லை. கிளாம்பு கடிக்கும் இடத்தில் நசுக்கியதும் இன்ஜின் விர்ரென்று ஏறியது. விட்டார், இறங்கியது. நசுக்கினார், ஏறியது. தெருவில் போன இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பொறுமை ஜன்னல் வழியே தலையை நீட்டி, “நான் எதையும் தொடலண்ணே!” என்று கத்தினார்.

“ஒயர் உள்ள அறுந்திருக்கு!” மேலேயிருந்து அத்தானின் குரல் வந்தது. “மேல் உறை நல்லா இருக்கு, உள்ள செம்பு அறுந்திருக்கு. கை நிமிரறப்ப இழுபட்டு விலகுது, படுக்கறப்ப ஒட்டிக்குது. என் தப்புதான், கொஞ்சம் தளர்வா விட்டிருக்கணும்.”

நடுங்கிய குரல்தான், ஆனால் அதில் இருந்த சந்தோஷத்தை மறைக்க அவரால் முடியவில்லை.

அவர் நசுக்கிப் பிடித்தபடியே இறங்க முடியாது. கீலருகே கை இருக்கும்போது லீவரைத் தொடக் கூடாது. அதனால் கையை உள்ளே எடுத்துக்கொண்டு, எறும்பு வேகத்திலேயே இறங்கினார்கள். ஏறக்குறைய பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் அவர் உட்காரவில்லை, விளிம்பைப் பிடித்தபடி நின்றே வந்தார். பாதியில், “அது எந்த வீடு, மொட்டை மாடியில மெத்தை காயுதே?” என்று கேட்டாராம். “அந்த வீட்டு ஆளு தினமும் பதினோரு மணிக்கு வந்து மெத்தையைத் திருப்பிப் போடுவாரு. எனக்குக் கையாட்டுவாரு” என்றாளாம் அக்கா. பன்னிரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அந்த மெத்தைக்காரரைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

தரைக்கு வந்ததும் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து தலையை முழங்காலில் வைத்துக்கொண்டார். பொறுமை ஓடிப்போய் சோடா வாங்கிவந்து கொடுத்துவிட்டு அக்காவிடம், “மன்னிச்சுடுங்கக்கா” என்றார். அக்கா, “மறுபடி செங்கல்லைப் பாத்தேன்னா வீடு கட்ட உனக்கே தந்துடுவேன்” என்றாள்.

மாலைக்குள் புது ஒயர் போட்டாகிவிட்டது. கீல் பக்கத்தில் ஒரு முழம் கூடுதலாக விட்டு வளைத்து, மெத்தென்ற ரப்பர் கிளாம்பில் மாட்டினார். மறுநாளிலிருந்து நாற்பது தெருவையும் ஒவ்வொன்றாக முடித்தார்கள். பிரிவுத் தலைவர் அத்தானைக் கூப்பிட்டுக் கைகொடுத்தார். அக்காவின் தோள் சரியாக இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் அவளுக்குப் பின்னல் போட்டுவிட்டது அத்தான்தான். கேபிள் முறுக்குகிற முறுக்கில் போட்டிருந்தார், சாயங்காலம் வரை ஒரு முடி பிரியவில்லை.

இப்போதெல்லாம் எந்த பக்கெட் வண்டிக்கு ஒயரிங் முடித்தாலும், ஒப்படைக்கும் முன் ஒரு முறை மேலே போய்ப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார். பயம் போய்விட்டதா என்றால் இல்லை. போன வாரம் மரக்கிளை வெட்டும் வண்டி ஒன்று வந்தது. ஏறி இறங்கியதும் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அக்கா மதியச் சாப்பாட்டோடு அங்கே வந்திருந்தாள்.

“ஏற ஏறப் பழகிடும்னு சொன்னியே?” என்றார் அவளிடம். “அஞ்சாறு தடவை ஆச்சு.”

“கண்ணைத் திறந்துக்கிட்டு எத்தனை தடவை?”

அவர் யோசித்தார். “ரெண்டு.”

“அப்ப இன்னும் நாள் இருக்கு. சாப்பிடுங்க” என்று சொல்லி டப்பாவைத் திறந்தாள் அக்கா.